அவள் அன்னிக்கே போன் பண்ணாளே

போன வாரம் தண்டையார்பேட்டையில் எங்கள் டியூஷனில் கரண்ட் போய்விட்டது. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஏழு பேரும் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார்கள். காசிமேட்டுக் காற்று கருவாட்டு வாசனையோடு வந்தது. "கதை சொல்லுக்கா" என்றார்கள்.

அப்போதுதான் 'ஸ்பீக்' நாவலை முடித்திருந்தேன். லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதி 1999-ல் வந்தது. வார்த்தையை அளந்துதான் சொன்னேன். அமெரிக்காவில் ஒரு பார்ட்டி. மேல் வகுப்புப் பையன் ஒருவன் மெலிண்டாவைச் சீரழிக்கிறான். அவள் போலீசுக்கு போன் போடுகிறாள், பேச்சு வரவில்லை. போலீஸ் வந்து பார்ட்டி கலைகிறது. பள்ளி திறந்ததும் 'காட்டிக்கொடுத்தவள்' என்று எல்லோரும் ஒதுக்குகிறார்கள். அவளும் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டு, வருஷம் முழுக்கப் பேச்சைக் குறைத்துக்கொள்கிறாள்.

"அப்பவே ஏன்க்கா சொல்லல?" என்றாள் ஒருத்தி.

எதிர்பார்த்த கேள்விதான். நான் வாயெடுப்பதற்குள், தண்ணீர் டேங்கில் சாய்ந்திருந்த, அதிகம் பேசாத பெண் சொன்னாள்: "அதான் போன் பண்ணாளே. இன்னாத்துக்குப் பண்ணேன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

சுருக்கென்றது. 'மௌனத்தை உடைத்தவள்' என்று முந்தின நாள்தான் நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் முதல் நாளே முயன்றவள். கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நம் சினிமாவில் இப்படி ஒரு பெண் வந்தால் அண்ணனோ ஹீரோவோ அரிவாள் எடுப்பான். அவள் போட்டோவுக்கு மாலை விழும். (அந்த கிளைமாக்சுக்கு விசில் அடித்தவள்தான் நானும்.) மெலிண்டாவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. ஓவிய வகுப்பில் சீட்டு எடுத்ததில் 'மரம்' வருகிறது. வருஷம் பூராவும் ஒரே மரம், வரைந்தும் செதுக்கியும் சரியாகவே வரமாட்டேன் என்கிறது. அப்புறம் ஒருநாள் பள்ளிக் கழிப்பறைச் சுவரில், கிட்டப் போகக் கூடாத பையன்கள் என்று தலைப்புப் போட்டு அவன் பெயரை எழுதுகிறாள். சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் கீழே வேறு வேறு கையெழுத்துகள், எல்லாம் அவனைப் பற்றி. கடைசியில் அவள் கத்துகிற கத்தலைவிட எனக்கு இந்தச் சுவர்தான் பெரிது.

இங்கே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டம், குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது. வீட்டிலோ அவள் விரும்புகிற இடத்திலோ வைத்துக் கேட்க வேண்டும், கூடியவரை எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரியே கேட்க வேண்டும். காக்கியைப் பார்த்தால் தொண்டை அடைக்கும் என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. வீட்டில் நாம்தான் "அந்த நேரத்துல உனக்கு அங்க என்ன வேலை?" என்று ஆரம்பிக்கிறோம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு போன் போடலாம் என்பதையும் அன்றைக்குச் சொல்லி வைத்தேன்.

சுவர் கதை அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "நம்ம ஸ்கூல்ல எழுதுனா மறுநாளே சுண்ணாம்பு அடிச்சிருவாங்கக்கா" என்றாள் ஒருத்தி.

"காயட்டும்" என்றாள் டேங்க் பக்கத்துப் பெண்.

கரண்ட் வந்தது. யாரும் கீழே இறங்கவில்லை.