முதலில் சொல்லுங்கள், உங்கள் வீட்டில் ரிமோட் யார் கையில்?

தீபாவளி போனஸ் வரும் வாரத்தில் இன்பாக்ஸில் தவறாமல் வந்துவிடும் கேள்வி இது. கேம் ஆட ஒரு கன்சோல் வேண்டும், டிவியில் செருகி ஆடும் பிஎஸ்5 வாங்கலாமா, டிவியிலும் கையிலும் ஆடும் ஸ்விட்ச் 2 வாங்கலாமா, இல்லை கையடக்க ஸ்டீம் டெக்கா? கேட்பவர் அதற்குள் யூட்யூபில் ஏகப்பட்ட விமர்சனங்களைப் பார்த்து முடித்திருப்பார். டெராஃப்ளாப்ஸ், ரே டிரேசிங், 120 ஹெர்ட்ஸ் என்கிற தொழில்நுட்பச் சொல்லெல்லாம் தலைகீழ்ப் பாடம். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சாயங்காலம் ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை உங்கள் வீட்டு ஹால் டிவியில் என்ன ஓடும்?

கிண்டல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கன்சோல் வாங்குகிற விஷயத்தில் இதைவிட முக்கியமான கேள்வி எனக்குத் தெரியாது. நம்மில் பெரும்பாலோர் வீட்டில் நல்ல டிவி ஒன்றுதான், அதுவும் ஹாலில். ஏழு மணிக்கு அம்மாவோ மாமியாரோ சீரியல் போட்டுவிடுவார்கள். அது முடிந்தால் அப்பாவுக்கு நியூஸ் சேனல் விவாதம். ஏப்ரல், மே என்றால் ஐபிஎல். நடுவில் போய் "கொஞ்சம் ரிமோட் கொடுங்க, ஒரு பாஸ் ஃபைட் பாக்கி இருக்கு" என்று கேட்கும் தைரியம் யாருக்கு இருக்கிறது? அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு, பதினொரு மணிக்கு உட்காருகிறோம். கண்ட்ரோலரில் சார்ஜ் இல்லை. கேபிளைத் தேடிச் செருகினால் கேம் அப்டேட் கேட்கிறது. அந்த நீலக் கோடு நகர்வதற்குள் கண் சொக்கிவிடும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஐம்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய பெட்டியில் பையன் யூட்யூப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஸ்விட்ச் செய்யும் ஜப்பான் கம்பெனி நிண்டெண்டோ 2011-ல் வீ யூ கன்சோலை அறிவித்தபோது, அறிமுக வீடியோவிலேயே இதைத்தான் காட்டினார்கள். ஒருவர் டிவியில் விளையாடிக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் பேஸ்பால் பார்க்க வருகிறார், விளையாட்டு அப்படியே கையிலிருக்கும் கண்ட்ரோலரின் திரைக்குத் தாவுகிறது. யோசனை பிரமாதம். ஆனால் அந்தக் கண்ட்ரோலர் பெட்டியைவிட்டுக் கொஞ்ச தூரம் போனாலே சிக்னல் அறுந்துவிடும். படுக்கையறைக்குக்கூட நிம்மதியாக எடுத்துப்போக முடியாது. 2012-ல் வந்தது, மொத்தம் 1.36 கோடிக்குப் பக்கத்தில் விற்று முடிந்தது. நிண்டெண்டோ கணக்கில் அது படுதோல்வி. அதே யோசனையை மொத்தமாகக் கைக்குள் அடக்கி 2017 மார்ச்சில் ஸ்விட்ச் என்று கொண்டுவந்தார்கள். அது 15 கோடியைத் தாண்டிவிட்டது. பிஎஸ்5 செய்யும் சோனியும் கடைசியில் வழிக்கு வந்தது. 2023-ல் அவர்கள் விட்ட பிளேஸ்டேஷன் போர்ட்டல் வந்தபோது அதன் வேலை ஒன்றே ஒன்றுதான்: வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிஎஸ்5-ஐ வைஃபை வழியாகக் கையில் வைத்து ஆடுவது. டிவியை வேறு யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு கம்பெனியே ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

கையடக்கக் கன்சோல் என்றாலே "பவர் கம்மி" என்று முகம் சுளிப்பவர்களுக்கு குன்பெய் யோகோய் கதையைச் சொல்ல வேண்டும். நிண்டெண்டோவில் பொம்மை செய்துகொண்டிருந்த மனிதர். புல்லட் ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் 1980-ல் கேம் அண்ட் வாட்ச் என்ற சின்னக் கருவிக்கு யோசனை வந்தது என்பார்கள். பழசாகி விலை இறங்கிப்போன தொழில்நுட்பத்தை எடுத்துப் புதுவிதமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1989-ல் வந்த கேம் பாய் அப்படிப் பிறந்ததுதான். பச்சையும் பழுப்புமாக நாலே நாலு சாயல், பின்விளக்கு கிடையாது, ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தால்தான் தெரியும். அதே சமயத்தில் அடாரி லின்க்ஸும் அடுத்த வருஷம் சேகாவின் கேம் கியரும் வண்ணத் திரையோடு வந்தன. கேம் கியருக்கு ஆறு ஏஏ பேட்டரி, அதுவும் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் காலி. கேம் பாய் நாலே பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். முடிவு என்ன? கேம் கியர் ஒரு கோடி சொச்சம். கேம் பாயும் அதன் கலர் தம்பியும் சேர்ந்து கிட்டத்தட்ட 11.9 கோடி. பெட்டிக்குள் மரியோ கேமை வைக்காமல், விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸை வைத்து விற்றதும் அமெரிக்காவில் பெரிய காரணம். மரியோ வைத்தால் பையன்கள் ஆடுவார்கள், டெட்ரிஸ் வைத்தால் எல்லோரும் ஆடுவார்கள் என்று ஹெங்க் ராஜர்ஸ் என்பவர் வாதாடி ஜெயித்தார்.

என்னைக் கேட்டால் கையடக்கக் கன்சோலின் மிகப் பெரிய வசதி திரையும் இல்லை, பேட்டரியும் இல்லை. தூங்கவைக்கும் அந்தப் பொத்தான். மரியோ பள்ளத்துக்கு மேலே தாவிக்கொண்டிருக்கிறான், அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது. மேலே இருக்கும் பொத்தானை ஒரு தட்டு, திரை கறுப்பு. அடுப்பை அணைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி தட்டினால் அதே பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறான். பிஎஸ்5-லும் ரெஸ்ட் மோட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கரண்ட் போகும்வரை இருக்கிறது.

கரண்ட் என்றதும் தொண்ணூறுகள் ஞாபகம் வருகிறது. அப்போது நம் வீடுகளுக்கு வந்தவை உண்மையான நிண்டெண்டோ இல்லை, ஜப்பானில் 1983-ல் வந்த ஃபாமிகாம் என்ற நிண்டெண்டோ கன்சோலின் நகல்கள். மஞ்சள் கேசட், சூடேறி வாசனை வரும் அடாப்டர், டிவி கேம் என்ற பொதுப் பெயர். படம் வரவில்லை என்றால் கேசட்டைக் கழற்றி ஊதுவோம். ஊதியதால் ஒன்றும் ஆகவில்லை, கழற்றி மறுபடி சரியாகச் செருகியதால்தான் வேலை செய்தது. எச்சில் ஈரம் பட்டுப் பட்டு அந்தச் செப்புக் கால்கள் கெட்டதுதான் மிச்சம். நிண்டெண்டோவே ஊதாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. அந்த மரியோவில் சேவ் கிடையாது. தினமும் முதல் கட்டமான 1-1-ல் இருந்து ஆரம்பம், எட்டாவது உலகத்தில் நிற்கும்போது கரண்ட் போனால் போச்சு. இன்றைக்கு வேலைக்குப் போகிறவரின் சாயங்காலமும் அந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. எப்போது யார் கூப்பிடுவார்கள் என்று தெரியாது. நிறுத்த முடிந்தால்தான் ஆட முடியும்.

அதற்காக டிவி கன்சோல் வேண்டாம் என்று சொல்லவில்லை. தனி அறையில் தனி டிவி இருக்கிறதா, தாராளமாக பிஎஸ்5 வாங்குங்கள். எல்டன் ரிங் போன்ற கேமில் தூரத்து மலை மேல் நிற்கும் கோட்டையைப் பெரிய திரையில் பார்க்கிற சுகம் ஏழு அங்குலத்தில் வராது. இன்னொரு தொல்லை எழுத்து. பெரிய டிவிக்காகச் செய்த கேம்களைச் சின்னத் திரையில் போட்டால் வசனம் எறும்பு அளவு. 2019-ல் தி விட்சர் 3-ஐ ஸ்விட்சுக்குள் அடக்கியது உண்மையிலேயே பெரிய சாதனை, ஆனால் அதன் மெனுவைப் படிக்க நாற்பதைத் தாண்டிய கண்ணுக்குப் பூதக்கண்ணாடி வேண்டும். அப்புறம், வீட்டுக்கு ஆள் வந்தால் டிவிதான். மரியோ கார்ட்டும் ஓவர்குக்டும் போட்டுவிட்டால் கண்ட்ரோலரைத் தொட்டே பார்க்காத சித்தப்பாகூட பத்து நிமிஷத்தில் கத்த ஆரம்பித்துவிடுவார். கணவன் மனைவி இரண்டு பேரும் ஆட வேண்டும் என்றால் 2021-ல் வந்த இட் டேக்ஸ் டூ. தனியாக ஆடவே முடியாது, கட்டாயம் இரண்டு பேர் வேண்டும். கதை விவாகரத்துக்குத் தயாராகும் தம்பதி பற்றியது. ஆடும்போது நடக்கிற சண்டைக்கு நான் பொறுப்பில்லை.

சரி, பெட்டி வாங்கியாச்சு. எந்த கேம்? இங்கேதான் ஒரு கணக்கை எல்லோரும் தப்பாகப் போடுகிறார்கள் என்பது என் கட்சி. "நாலாயிரம் ரூபாய், நூறு மணி நேரம் ஓடும், மணிக்கு நாற்பது ரூபாய்தான்" என்று கேமைக் கிலோ கணக்கில் எடை போடுகிறார்கள். காலேஜ் பையனுக்கு அது சரி. வாரத்துக்கு மூன்று மணி நேரம் கிடைத்தாலே பாக்கியம் என்கிறவருக்கு நூறு மணி நேரம் என்பது எட்டு மாதத் தவணை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 அற்புதமான கேம், ஆனால் ஆரம்பத்துப் பனிமலையைக் கடக்கவே இரண்டு மூன்று இரவுகள் போய்விடும். பெர்சோனா 5 தன் முன்னுரையை முடித்து உங்கள் கையில் விளையாட்டைக் கொடுக்க இன்னும் நேரமாகும். நான் பார்ப்பது வேறு: இந்த கேமில் அரை மணி நேரத்தில் ஒரு காரியம் முடியுமா?

ஹேடிஸ் என்ற சண்டை கேமில் ஒரு ஓட்டம், அதாவது தொடக்கத்திலிருந்து ஒரு முயற்சி, ஏறக்குறைய அரை மணி நேரம். செத்தாலும் கதை ஒரு படி நகர்கிறது. பிரெத் ஆஃப் தி வைல்ட் எவ்வளவு பெரிய உலகமாக இருந்தாலும் அதில் 120 சின்னக் கோயில்கள், ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நிமிஷப் புதிர். கம்பெனி பஸ் சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்கும்போது ஒன்றை முடித்துவிடலாம். எரிக் பரோன் தனியாளாக நாலு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து செய்து 2016-ல் வெளியிட்ட விவசாய கேமான ஸ்டார்டியூ வேலியில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் பதினாலு நிமிஷம் சொச்சம். தண்ணீர் ஊற்றி, மீன் பிடித்து, படுத்தால் சேவ் ஆகும். "இன்னும் ஒரே ஒரு நாள்" என்று சொல்லிச் சொல்லி ராத்திரி ஒரு மணி ஆவது தனிக் கதை.

சின்ன கேமுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் வெண்பா என்ற சமையல் கேம். டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்து 2023-ல் வெளியிட்டது. 1980-களின் கடைசியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது, விட்டுப்போனதை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் புதிரே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்று யோசித்து அடுக்க வேண்டும். இட்லி அவித்த கைகளுக்கு அது புதிரே இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் அங்கே திணறும் வீடியோக்களைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். பின்னால் ரேடியோவில் ஓடும் பாட்டெல்லாம் நம் சினிமா இசையின் ஒவ்வொரு காலத்துச் சாயலில் புதிதாகப் போட்டவை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். "இவ்வளவு விலைக்கு இவ்வளவுதானா" என்று விமர்சனம் எழுதினார்கள். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருதும், சிறு குழுக்களின் கேம்களுக்கான இன்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் முதல் பரிசும் அதற்குத்தான் போயின. மகன் வளர்ந்த பிறகு வரும் ஒரு காட்சியில் நான் ஸ்விட்சைக் கீழே வைத்துவிட்டு ஊருக்கு போன் போட்டேன். இதை எந்த மணிக்கணக்கில் சேர்ப்பது?

மாதச் சந்தா கட்டினால் நூற்றுக்கணக்கில் கேம் என்கிற திட்டங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். எனக்கு அந்தப் பழைய "9999 இன் 1" கேசட்தான் ஞாபகம் வரும். பட்டியல் பக்கம் பக்கமாக ஓடும். உள்ளே இருப்பது பத்துப் பதினைந்து கேம், அதையே பேர் மாற்றித் திரும்பத் திரும்பப் போட்டிருப்பான். இப்போது நிஜமாகவே வேறு வேறு கேம்கள் இருக்கின்றன, அதுதான் சிக்கல். கிடைத்த அரை மணி நேரத்தில் இருபது நிமிஷம் தேடலில் போய், மிச்சப் பத்து நிமிஷம் டவுன்லோடில் போகும். எட்டாயிரம் கேம் நிரப்பிய மெமரி கார்டோடு ஆன்லைனில் விற்கிற மலிவுக் கருவிகளும் அப்படித்தான், அந்த எட்டாயிரத்தில் எவ்வளவு திருட்டு என்பது வேறு விஷயம். ஒரு நேரத்தில் ஒன்று. முடி, இல்லை பிடிக்கவில்லையா, விடு. ரொம்பக் கஷ்டமா, ஈஸியில் வை. செலஸ்டே போன்ற கடினமான கேமிலேயே வேகத்தைக் குறைக்கவும் சாகாமல் ஆடவும் உதவி மோட் வைத்திருக்கிறார்கள். செய்தவர்களே வைத்த வசதியைப் பயன்படுத்த நமக்கென்ன கௌரவக் குறைச்சல்?

வாங்கும் இடம் பற்றி நாலு வார்த்தை. ஸ்விட்சும் ஸ்டீம் டெக்கும் பெரும்பாலும் தனியார் இறக்குமதியாகத்தான் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு வரை வருகின்றன. வாரண்டி என்றால் கடைக்காரர் வாயால் சொல்வதுதான். என் பழைய 3டிஎஸ்ஸை, அதுவும் நிண்டெண்டோவின் கையடக்கக் கருவிதான், ஒரு கடையில் வாங்கும்போது ரீஜன் லாக் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. அமெரிக்கக் கருவியில் ஜப்பான் கேம் ஓடாது என்று வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. ஸ்விட்சில் அந்தத் தொல்லை இல்லை. பிஎஸ்5 வாங்கினால் டிஸ்க் போடும் மாடலையே வாங்குங்கள். முடித்த டிஸ்கை விற்று அடுத்ததை வாங்கலாம், டவுன்லோட் செய்ததை யாருக்கும் விற்க முடியாது. செகண்ட் ஹேண்டில் கையடக்கக் கன்சோல் எடுப்பவர்கள் திரைக் கீறலைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். செட்டிங்ஸில், கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்கைச் சோதிக்கும் பக்கத்தைத் திறந்து, கருவியை மேசை மேல் வைத்து, கையை எடுத்துவிடுங்கள். யாரும் தொடாமலே புள்ளி நகர்ந்தால் ஸ்டிக் போய்விட்டது என்று அர்த்தம். ரிப்பேர் செலவைக் கழித்து விலை கேளுங்கள், ஒத்துவராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள், அடுத்த கடை நாலு எட்டில் இருக்கிறது.