ஒஃபிஸ் சிநேகிதம் சிநேகிதமே இல்லையாம்

“ஒஃபிஸில் இருக்கிறவர்கள் உன் நண்பர்கள் இல்லை. போ, வேலையைச் செய், சம்பளத்தை எடு, வீட்டுக்கு வா.” இப்படியொரு பதிவு கொஞ்ச நாளாக எல்லாருடைய பக்கத்திலும் சுற்றித் திரிகிறது. இப்போதுதான் முதல் வேலைக்குப் போயிருக்கும் எங்கட தங்கச்சிமார் பலர் அதற்கு இதயம் போட்டுப் பகிர்ந்திருக்கிறார்கள். எழுதியவர் யாரிடமோ நல்லா அடிபட்டிருக்கிறார், அது விளங்குகிறது. அதற்காக எல்லாரும் அதைப் புத்திமதியாகத் தூக்கித் தலையில் வைக்க வேண்டியதில்லை. கொழும்பில் ஒரே மாடியில் வருசக்கணக்காக அதே முகங்களைப் பார்த்து அலுத்தவருக்கு அது பொருந்தலாம். இலங்கையின் கிழக்குக் கரையில், காரைதீவிலோ களுவாஞ்சிக்குடியிலோ, வீட்டு முன்னறையில் ஒரு லெப்டொப்பை வைத்துக்கொண்டு வெளிநாட்டு ஆட்களோடு வேலை செய்கிற எங்களுக்கு அது சரிவராது.

என் வேலை, கப்பல் சரக்கு ஆவணங்களைக் கையாளும் மென்பொருள் ஒன்றில் பிழை பிடிப்பது. கிளை கொழும்பில், மேலிடம் சிங்கப்பூரில். என் குழுவில் இருப்பவர்கள் ஜகார்த்தாவிலும் மணிலாவிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் காலை 9 மணி என்றால் இங்கே 6.30. திங்கட்கிழமைக் கூட்டம் தொடங்குகிற நேரம்தான் மீன்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்கட ஒழுங்கையால் போவார். நான் மைக்கை மூடிவிடுவேன். கமராவை யாரும் திறப்பதில்லை. கொரோனாவுக்குப் பிறகு இப்படித்தான். நிற வட்டத்துக்குள் இரண்டு எழுத்து, அவ்வளவுதான் அந்த மனிதர்கள். “இது ஏன் இன்னும் திருத்தப்படவில்லை?” என்று நான் எழுதுவேன். “அது பிழையே இல்லை” என்று ஜகார்த்தாவிலிருந்து பதில் வரும். அவளுக்கு நான் தலையிடி, எனக்கு அவள் தலையிடி.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, ஞாபகம் இருக்கும். சிக்னலும் போய்விடும். அந்தக் கிழமை நான் முடிக்காத வேலைகளின் பட்டியலை ஜகார்த்தாக்காரி குழு முழுவதும் பார்க்கும் இடத்தில் போட்டு, ‘காத்திருக்கிறோம்’ என்று எழுதினாள். அவள் செய்தது பிழை என்று சொல்லமாட்டேன். வட்டத்துக்குள் இருக்கும் இரண்டு எழுத்துக்குக் கரண்ட் இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வருசம் எங்களைச் சிங்கப்பூருக்கு வரச்சொன்னார்கள், ஒரு கிழமைக்கு.

வீட்டில் அம்மா கேட்டவை நியாயமான கேள்விகள்: யாரோட போறாய், பொம்பிளைப்பிள்ளையள் எத்தினை பேர், எங்க தங்குறது. மாமி கேட்டதுதான் வேற: “எத்தின வருச எக்ரிமென்ட் புள்ள?” அவவிலும் குறை இல்லை. எங்கட பக்கத்தில் ஒரு பெண் தனியாக வெளிநாடு போகிறாள் என்றால் அது சவூதி, குவைத், வீட்டு வேலை. ஒரு கிழமை கூட்டத்துக்குப் போய்த் திரும்பி வருகிற வெளிநாடு என்று ஒன்று அவவின் கணக்கில் இல்லை. ரயில் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. மட்டக்களப்பில் சர்வதேசம் என்று பெயர் வைத்த விமான நிலையம் ஒன்றும் இருக்கிறது, சிங்கப்பூருக்கு ஏற வேண்டுமென்றால் ஆனாலும் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்காதான். விமானத்தில் நாலு மணித்தியாலம், அதற்கு முந்தி இரவு பஸ்ஸில் அதைப்போல இரண்டு மடங்கு. கட்டுநாயக்காவில் எங்கட பக்கத்துப் பஸ்களில் வந்து இறங்கிய பெண்கள் ஏஜென்சிக் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக இருந்தார்கள். போகிற இடத்தில் சிநேகிதம் என்னைவிட அவர்களுக்குத்தான் அவசியம். அதை எழுத வேண்டியவர்கள் அவர்கள்.

சிங்கப்பூரில் முதல் இரண்டு நாளும் கூட்டம், ஸ்லைட், கூட்டம். அதில் எழுத ஒன்றும் இல்லை. சங்கதி நடந்தது இரவுச் சாப்பாட்டில். வெயிலுக்கும் மழைக்கும் ஒரு பெரிய கூரை, அதன் கீழ் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள், நடுவில் எல்லாருக்கும் பொது மேசை. ஹோக்கர் சென்ரர் என்பார்கள். 2020இல் யுனெஸ்கோ அந்த வழக்கத்தைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த மேசையில் நான், என்னோடு கொழும்புக் கிளையிலிருந்து வந்த மாத்தறைச் சிங்களப் பிள்ளை, அந்த ஜகார்த்தாக்காரி மூன்று பேரும். ஊர் எது என்று பேச்சு வந்தபோதுதான் தெரிந்தது, அவள் ஜகார்த்தாக்காரியே இல்லை. வேலைக்கு வந்தவள். சொந்த ஊர் பண்டா ஆச்சே, சுமாத்திராவின் வடக்கு முனையில்.

அந்தப் பெயரைக் கேட்டதும் நான் சாப்பாட்டை விட்டுவிட்டேன். 2004 டிசம்பர் 26, சுனாமி. அவளின் ஊருக்கு அரை மணித்தியாலத்துக்குள் போன கடல், எங்கட கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. பிறகு சுற்றிக்கொண்டு மாத்தறைக்குப் போனது. இலங்கையில் ஆகக்கூடிய உயிர்கள் போனது எங்கட அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கு மேல். ஆச்சேக்காரிக்கு அம்மா இல்லை, வாப்பா வளர்த்த பிள்ளை. எங்கட குடும்பத்தில் போனவர்களைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை, அன்றைக்கு அவளிடம் சொன்னேன். மூன்று பேருக்குமே இங்கிலீஷ் நொண்டும். அதில் ஒரு வசதி இருக்கிறது: அழகாகச் சொல்ல வராது, நடந்ததை மட்டும்தான் சொல்ல வரும்.

அங்கே ஒரு கதை சொன்னாள். ஆச்சேயிலும் எங்களைப்போல நீண்ட காலச் சண்டை. கடல் வந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போன பிறகு, 2005 ஓகஸ்ட்டில், ஹெல்சிங்கியில் இருந்து கையெழுத்து வைத்தார்கள். சண்டை நின்றது. “உங்கள் நாட்டிலும் அப்படித்தானே?” என்று கேட்டாள். இல்லை. எங்களுக்கு அடுத்த வருசமே திரும்பத் தொடங்கியது. மாத்தறைக்காரிதான் அந்தப் பதிலைச் சொன்னாள், நான் இல்லை. பிறகு என்னைப் பார்த்து, அலை வந்த அன்றைக்கு உங்கள் ஊருக்கு யார் முதலில் வந்தார்கள் என்று கேட்டாள். அம்பாறை டவுன் பக்கமிருந்து சிங்கள ஆட்கள் சோற்றுப் பார்சலோடு வந்தது எனக்கு ஞாபகம். சொன்னேன்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் கண்ணீர் ஸ்மைலி போட வேண்டாம். நானும் மாத்தறைக்காரியும் நாட்டுப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டு வரவில்லை. சண்டை முடிந்த 2009 மே மாதத்தைப் பற்றி நானும் அவளும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசுவோமா என்றும் தெரியாது. ஆனால் கொழும்பில் ஒரே லிஃப்டில் ஏறி இறங்கி ‘ஹாய்’ சொன்ன காலத்தில் இந்தளவும் இல்லை.

மொழி ஒன்றென்றால் ஒட்டிக்கொள்ளும் என்பதும் பொய். கோலாலம்பூர்க் குழுவில் ஒரு தமிழ்ப்பிள்ளை இருக்கிறாள். அவளோடுதான் நெருக்கம் வரும் என்று போனேன். “யாழ்ப்பாணமா?” என்றாள். அந்தக் காலத்தில் மலாயா ரயில்வேக்கும் கிளாக்கர் வேலைக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள் நிறைய, ஆகவே இலங்கைத் தமிழர் என்றால் அங்கே அதுதான். போனில் மப்பைத் திறந்து திருகோணமலைக்குக் கீழே, மட்டக்களப்புக்கும் கீழே இறக்கிக் காட்டினேன். மரியாதையாகப் பார்த்தாள். இன்றைக்கும் மரியாதையாகத்தான் இருக்கிறோம். அவ்வளவுதான் சில பேரோடு, அதிலும் பிழை இல்லை.

மணிலா அக்கா வேறு ரகம். சம்பளத்தைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று எங்களுக்கு யாரோ சொல்லித் தந்திருக்கிறார்கள். அவவுக்கு யாரும் சொல்லவில்லை போல. பிலிப்பைன்ஸில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் என்பது முதலாளியின் பெரிய மனசு இல்லை, 1975இல் வந்த சட்டம். டிசம்பர் 24க்குள் கொடுத்தே ஆகவேண்டும். இந்தோனேசியாவிலும் ஒரு வருசம் வேலை செய்தவருக்குப் பெருநாளுக்கு முன் ஒரு மாதச் சம்பளம் சட்டப்படி வரவேண்டும். எங்களுக்கு ஈபிஎஃப், ஈடிஎஃப் என்ற ஊழியர் நிதிகளைத் தாண்டி போனஸ் என்றால் அது மேலிடத்தின் மனநிலையைப் பொறுத்தது. ஒரே கம்பனி, ஒரே வேலை, இந்த வித்தியாசத்தை எந்த எச்ஆர் கூட்டத்திலும் யாரும் ஸ்லைடில் போட்டுக் காட்டவில்லை. ஒரு சட்டி நூடில்ஸுக்கு முன்னால் மணிலா அக்கா காட்டினா.

ஊருக்குத் திரும்பின பிறகு என்ன மாறியது? 2024 நவம்பர் கடைசி வெள்ளத்தைச் சொல்கிறேன். காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மதரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போன அந்தக் கிழமை. கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை, ஊரில் யாருக்கும் வேலை செய்கிற மனசும் இல்லை. சிக்னல் வந்தபோது ஆச்சேக்காரியிடமிருந்து ஒரு வட்ஸ்அப் வந்து கிடந்தது: வீடு பத்திரமா, தண்ணி எந்தளவு. என் பட்டியலில் இருந்த சோதனைகளை எல்லாம் தன் பெயருக்கு மாற்றிச் செய்து முடித்திருந்தாள். மேலதிகாரிக்குத் தெரியாது. இரண்டு வருசத்துக்கு முந்தி குழு முழுக்கப் பார்க்க என் பட்டியலைப் போட்டவளும் இவள்தான். நடுவில் நடந்தது ஒரு இரவுச் சாப்பாடு. அடுத்தமுறை ஜகார்த்தாவுக்குப் போனபோது அவளின் வாப்பாவுக்கு மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்று கொண்டு போனேன். அந்த நாட்டு ஆட்களுக்கு அதை எப்படி உடுப்பது என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. (சிலோன் ரீ கொண்டு போகாதீர்கள், எல்லாருடைய வீட்டிலும் மூன்று பெட்டி இருக்கிறது.)

இதன் மறுபக்கமும் எனக்குத் தெரியும். போன வருசம் ஆட்குறைப்பு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை மணிலா அக்காவின் பெயர் சாம்பல் நிறமாகிவிட்டது. பிரியாவிடைச் செய்தி போடக்கூட விடவில்லை. அன்றைக்கு அப்படிச் சாம்பலானவர்கள் பலர். நான் நேரில் காணாதவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மணிலா அக்காவின் சொந்த நம்பர் என்னிடம் இருந்தது, சிங்கப்பூரில் டக்ஸி பங்குபோட வாங்கினது. இப்போது அவ வேறு கம்பனியில் இருக்கிறா. அங்கே ஆள் எடுக்கிறார்கள், சிவியை அனுப்பு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறா. நான் இன்னும் யோசிக்கிறேன்.

ஆகவே அந்தப் பதிவை எழுதியவரிடம் எனக்கு ஒரு கேள்வி: கம்பனி கைவிட்டுவிடும் என்பதுதானே உங்கள் பயம்? அப்படியென்றால் கம்பனி கைவிடுகிற நாளில் பக்கத்தில் நிற்கக்கூடியவர்களை ஏன் கம்பனியோடு சேர்த்து எறிகிறீர்கள்?

இனி மேலதிகாரிகளுக்கு. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் வெட்டப்படுவது பயணம், அதிலும் தூரத்தில் இருப்பவர்களின் பயணம். ‘சூம் இருக்கிறதே’ என்பார்கள். கொழும்பில் இருக்கிறவருக்கு ஒஃபிஸும் இருக்கிறது, சூமும் இருக்கிறது. எங்களுக்குச் சூம் மட்டும்தான். ஒரு ரிக்கெட்டை யாருக்குக் கொடுப்பது என்று வந்தால், தினமும் கண்ணில் படாதவருக்குக் கொடுப்பதுதான் கணக்குப்படியும் லாபம். இரண்டு வருசம் ஈமெயிலில் இழுபட்ட சண்டையை ஒரு மேசை முடித்திருக்கிறது.

“அதெல்லாம் கம்பனி அனுப்பினால்தானே அக்கா” என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: கேளுங்கள். யார் போவது என்பது கொழும்பில் கொரிடோரில் முடிவாகிற விசயம், அந்தக் கொரிடோரில் நாங்கள் இல்லை. எழுத்தில் கேளுங்கள். எந்த வேலைக்கு, யாரோடு இருந்து செய்ய வேண்டும், எத்தனை நாள், அதனால் எது சீக்கிரம் முடியும் என்று நாலு வரி போதும். சிங்கப்பூருக்கு எங்கட பாஸ்போட்டுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள், விசாதான் முதல் சாட்டாக வரும். மலேசியாவுக்கு ஈ-விசா, வியட்நாமுக்கும் அப்படித்தான், இரண்டும் வீட்டிலிருந்தே போடலாம். இல்லை என்று பதில் வந்தால் மூன்று மாதம் கழித்து அதே ஈமெயிலைத் திரும்ப அனுப்புங்கள். எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.