கரண்ட் போகிற ஊரில் எந்த லினக்ஸ்?

போன காலபோக மழை நேரம் மல்லாவியில் இருந்து மருமகன் எடுத்தான். “மாமா, அப்டேட் போய்க்கொண்டிருக்கேக்க கரண்ட் போட்டுது. இப்ப ஒன் பண்ணினா கறுப்பாவே நிக்குது.” அவன் உயர்தரம் எழுதுகிற வருடம் அது. அந்தக் கொம்பியூட்டரில் கேம் மட்டும் இல்லை. அவனுடைய ரியூசன் குறிப்புகளும், அக்கா பார்க்கிற மாதர் சங்கக் கணக்கும் அதற்குள்தான் இருந்தன.

கிளிநொச்சியில் இருந்து மாங்குளம் வந்து, மேற்கே திரும்பி மல்லாவி போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது. பென்டிரைவில் இருந்து பூட் செய்து, பாதியில் நின்ற மென்பொருள் பொதிகளை முடித்துவைத்து, சிஸ்டத்தின் மையப் பகுதியான கேர்னலை மறுபடி போட்டு எழுப்ப இரவு பத்து மணி. கோப்புகள் தப்பின. ஆனால் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் கேம் விளையாட, விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் இயங்குதளத்தைக் கேட்கிறவர்களுக்கு இனி முதலில் இம்யூட்டபிள், அதாவது சிஸ்டம் பகுதியைப் பூட்டிவைத்த வகையைத்தான் சொல்வேன்.

இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையும் அதற்கு மேலும். நம் ஊரில் வீடுகளில் இருப்பதோ, அலுவலகங்களில் கழித்துவிட்ட 4ஆம், 6ஆம் தலைமுறை ஐ5 பெட்டிகள்தான். 

இரண்டு வகைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நான் வீட்டை வைத்துத்தான் விளங்கப்படுத்துவேன். மின்ட், உபுண்டு, டெபியன், ஆர்ச் போன்ற வழமையான லினக்ஸில் அப்டேட் என்பது, குடியிருக்கிற வீட்டின் கூரையைப் பிரித்து ஓடு மாற்றுவது போன்றது. வேலை முடிந்தால் வீடு புதிது. நடுவில் மழை வந்தால் ஆட்கள் நனைவார்கள். பஸைட், ஃபெடோரா கினோயிட் போன்ற இம்யூட்டபிள் வகையில், பழைய வீட்டில் நீங்கள் இருக்கும்போதே வளவுக்குள் புது வீடு எழும்புகிறது. முழுவதும் கட்டி முடித்த பிறகுதான், அடுத்த ரீஸ்டார்ட்டில், அதற்குள் குடிபுகுவீர்கள். கட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பழைய வீடு அப்படியே நிற்கும். புது வீடு சரிவரவில்லை என்றாலும் பழைய வீட்டுச் சாவி உங்கள் கையில்தான். பூட் மெனுவில் முந்தைய பதிப்பைத் தெரிவு செய்தால் போதும். பஸைட்டில் கடந்த 90 நாட்களின் பதிப்புகளை இணையத்திலேயே வைத்திருக்கிறார்கள், அதற்குள் எதற்கும் திரும்பிப் போகலாம்.

சிஸ்டம் கோப்புகள் இருக்கும் பகுதி பூட்டப்பட்டிருக்கும். ஹோம் பகுதி வழமை போல உங்களுடையது. கேம்கள், சேவ் கோப்புகள், படங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும், அப்டேட் அவற்றைத் தொடாது.

“எல்லாவற்றையும் பூட்டிவைத்தால் அது லினக்ஸா?” என்று ஒரு நண்பர் கோபமாகவே கேட்டார். அவருக்கு என் பதில் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவி. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையை நடத்துகிற வால்வ் நிறுவனம் 2022 பெப்ரவரியில் அதை வெளியிட்டபோது உள்ளே வைத்த ஸ்டீம்ஓஎஸ் 3, ஆர்ச் லினக்ஸின் மேல் கட்டியது. இஷ்டம் போல மாற்றலாம் என்பதற்காகவே ஆட்கள் விரும்புகிற ஆர்ச்சையே எடுத்து, சிஸ்டம் கோப்புகள் இருக்கும் ரூட் பகுதியைப் பூட்டி, இரண்டு பிரதிகளாக வைத்து, ஒன்று ஓடும்போது மற்றதைப் புதுப்பிக்கிற மாதிரிச் செய்தார்கள். வாங்குகிறவர் விளையாட வந்தவர், பழுதுபார்க்க வந்தவர் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். 2021இல் யூடியூபர் லினஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற வழமையான லினக்ஸில் ஸ்டீமை நிறுவப் போய், டெஸ்க்டொப்பே அழிந்து போனதை உலகமே பார்த்தது. கொம்பியூட்டரையே தொழிலாக வைத்திருக்கிற ஆளுக்கு அது நடந்தது. முறிகண்டியில் பதினாறு வயதுப் பிள்ளைக்கு நடந்தால் யாரிடம் போவான்? பக்கத்தில் லினக்ஸ் தெரிந்த கடையும் இல்லை.

சிஸ்டத்தைப் பிரதி எடுத்துவைத்துப் பிறகு பழைய நிலைக்குத் திருப்புகிற டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்பார்கள். நல்ல கருவி, மின்டோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் முன்கூட்டியே அமைத்துவைத்தவருக்குத்தான் அது உதவும். நான் போய்ப் பார்த்த வீடுகளில் ஒருவர்கூட அமைத்திருக்கவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அமைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சரி, இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். அது டேட்டா.

நகரத்தில் ஃபைபர் உள்ளவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, 4ஜி ரவுட்டரை யன்னலில் வைத்து ஜிபி எண்ணிப் பாவிக்கிற வீட்டில் இம்யூட்டபிள் வகை பாரமானது. மின்டை நிறுவ இறக்குகிற ஐஎஸ்ஓ கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி, பஸைட் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அப்டேட்டும் பெரிய பெரிய துண்டுகளாகத்தான் வரும். அதோடு பஸைட் தானாகவே பதிவிறக்கத் தொடங்கிவிடும். பஸைட்டுக்கு மாற்றிய என் மருமகனின் கொம்பியூட்டரில் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டேன். மாதம் ஒருமுறையோ இரண்டு முறையோ இரவு டேட்டாவில் அவனே கொடுத்துவிட்டுப் படுப்பான். இப்படி ஒழுங்குபடுத்த முடியாத வீடு என்றால் மின்ட் போடுங்கள், டைம்ஷிஃப்டை அன்றைக்கே அமைத்துக் கொடுங்கள்.

கேமை டேட்டாவில் இறக்கவே வேண்டாம். 2023 முதல், ஒரே ரவுட்டரில் உள்ள இன்னொரு கொம்பியூட்டரில் இருந்து கேமை இழுத்தெடுக்கும் வசதி ஸ்டீமில் இருக்கிறது. ஒரு வீட்டில் இறக்கினால் சிநேகிதன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எடுத்துப் போகலாம். பழைய விண்டோஸ் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் இருந்தே கேமை ஓட்டப் பார்க்காதீர்கள். விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டுகிற புரோட்டோன் அதில் அடிக்கடி இடறும்.

அடுத்தது கிராபிக்ஸ். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தப் புரோட்டோனை வால்வ் 2018இல் கொண்டுவந்தது. அதற்குள் இருக்கும் டிஎக்ஸ்விகே, விண்டோஸின் கிராபிக்ஸ் மொழியான டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை லினக்ஸிலும் ஓடுகிற வல்கன் கட்டளைகளாக மாற்றுகிறது. இப்போதைய டிஎக்ஸ்விகே 2 கேட்பது வல்கன் 1.3. 4ஆம் தலைமுறை இன்டெலின் உள்ளிணைந்த கிராபிக்ஸில் அது இல்லை, 6ஆம் தலைமுறையில் இருக்கிறது. இரண்டு பெட்டியும் வெளியில் ஒரே மாதிரித்தான் இருக்கும், விலையிலும் பெரிய வித்தியாசம் இராது. வாங்கும்போது 6ஆம் தலைமுறை என்று கேட்டு வாங்குங்கள். என்விடியா கார்டு என்றால் பஸைட்டில் அதற்கென்று தனிப் பதிப்புகள் உண்டு. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக்கு ஒன்று, 16 வரிசையும் ஆர்டிஎக்ஸும் உள்ளவர்களுக்கு இன்னொன்று. ஜிடி 710 போன்ற, கெப்ளர் எனப்படும் பழைய கார்டுகளுக்கு அங்கே இடமில்லை. அதை வைத்திருப்பவர்கள் மின்டில் பழைய 470 டிரைவரோடு பழைய கேம்களை விளையாடலாம், சான் அன்ட்ரியாஸ் மாதிரி.

எந்த வகையில் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம்) கூட என்று சண்டை பிடிப்பதில் பிரயோசனம் இல்லை. வேகத்தைத் தீர்மானிப்பது கேர்னலும் மெசா என்ற கிராபிக்ஸ் மென்பொருளும் டிரைவரும். ரூட் பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பது கேமுக்குத் தெரியவே தெரியாது.

வலோரண்ட் கேம் இரண்டு வகை லினக்ஸிலும் ஓடாது. ஃபோர்ட்நைட்டும் அப்படியே. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் 2024 ஒக்டோபர் கடைசியில் லினக்ஸை வெளியே விட்டுவிட்டது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டும் லினக்ஸிலேயே நேரடியாக ஓடும். பிள்ளை வலோரண்டுக்காகத்தான் கேட்கிறான் என்றால் லினக்ஸ் போட்டுக் கொடுத்து அவன் மனதை நோகடிக்க வேண்டாம்.

இம்யூட்டபிள் வகையில் என்னைக் கஷ்டப்படுத்தியது அக்காவின் பிரிண்டர். இந்த வகையில் மென்பொருட்களைச் சிஸ்டத்தைத் தொடாமல் நிறுவுகிற முறை ஃபிளாட்பாக், பிரிண்டரின் டிரைவர் அதில் கிடையாது. சிஸ்டத்தின் மேல் ஒரு அடுக்காகச் சேர்த்து, ரீஸ்டார்ட் செய்து, வேலை செய்யவில்லை என்று கழற்றி, வேறொன்றைச் சேர்த்து, மறுபடி ரீஸ்டார்ட். மின்டில் பத்து நிமிட வேலை அங்கே ஒரு காலைப்பொழுதைத் தின்றது. பிரிண்டர், ஸ்கேனர் என்று நாலைந்து கருவி பூட்டியிருக்கிற கொமியூனிகேஷன் கடைக்கு இதைப் போடச் சொல்லமாட்டேன்.

அறிவியல்நகரிலும் வவுனியாவிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் சொல்லமாட்டேன். நீங்கள் டெபியனோ ஆர்ச்சோ போடுங்கள், உடையுங்கள், உடைந்ததை நீங்களே எழுப்புங்கள். மல்லாவியில் அன்றிரவு எனக்குக் கைகொடுத்தது, முன்பு அப்படி உடைத்துப் பழகிய அனுபவம்தான். ஆனால் அந்தப் பரிசோதனையை வீட்டுக்கு ஒன்றாக இருக்கிற கொம்பியூட்டரில் செய்யாதீர்கள். அதில் தங்கச்சியின் ஒப்படையும் இருக்கிறது.

போன மாதம் மருமகன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். அப்டேட் நடுவில் மறுபடி கரண்ட் போயிருக்கிறது. வந்ததும் ஒன் செய்திருக்கிறான், பழைய பதிப்பிலேயே எழும்பியிருக்கிறது. படத்தில் டோட்டா ஓடிக்கொண்டிருந்தது, கீழே “படிச்சு முடிச்சிட்டன் மாமா” என்று எழுதியிருந்தான்.

கீழே கேள்வி கேட்கிறவர்கள் புரொசசர் எத்தனையாம் தலைமுறை, என்ன கார்டு, ரம் எவ்வளவு, வீட்டில் என்ன இணைய இணைப்பு, இந்த நாலையும் சேர்த்து எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சியில்தான் நிற்பேன். 16 ஜிபி பென்டிரைவ் கொண்டுவந்தால் உங்கள் பெட்டிக்குச் சரிவருவதை அதில் போட்டுத் தருகிறேன், உங்கள் டேட்டா மிச்சம்.