விட்டுப்போச்சுன்னு சொன்னா திட்டினதா அர்த்தமா?

கணித மேதை ராமானுஜன் போட்ட ஒரு பட்டியல்ல 293318625600ங்கிற எண் விட்டுப்போச்சுன்னு நேத்து நான் போட்ட பதிவுக்குக் கீழ நடந்த கூத்தை எல்லாரும் பாத்திருப்பீங்க. "ராமானுஜனுக்கே கணக்கு சொல்லித்தர வந்துட்டாரு"ல ஆரம்பிச்சு என் படிப்பு, என் மூஞ்சி வரைக்கும் போயாச்சு. ஒருத்தராவது அந்த நம்பரைப் பத்திப் பேசினீங்களா?

நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு. தன்னைவிடச் சின்ன எண் எதுக்கும் இல்லாத அளவுக்கு நிறைய காரணி, அதாவது அதை மீதியில்லாம வகுக்கிற எண்கள், இருந்தா அது ஹைலி காம்போசிட் நம்பர். 12க்கு 6 காரணி, அதுக்குக் கீழ எதுக்கும் அவ்ளோ கிடையாது. 1915ல ராமானுஜன் இதைப் பத்திப் பெரிய கட்டுரை எழுதி, 6746328388800 வரைக்கும் 102 எண்களைப் பட்டியல் போட்டாரு. அதே வகையைச் சேர்ந்த இந்த 293318625600 அதுல விட்டுப்போச்சு. விட்டுப்போச்சுன்னா விட்டுப்போச்சு, இதுல அவமானம் எங்கேர்ந்து வந்துச்சு?

"கம்ப்யூட்டர் இல்லாம கையால போட்டாருய்யா"ன்னு எனக்கே பாடம். அட, அதைத்தானே நானும் எழுதினேன்! கையால இவ்ளோ தூரம் போய் ஒண்ணுதான் தவறுச்சுன்னா அது எப்பேர்ப்பட்ட மூளைன்னு சொல்ல வந்தவனைப் போட்டு அடிக்கிறீங்க.

சரி, நம்பருக்கு வாங்க. 2ஐ ஆறு தடவை, 3ஐ நாலு தடவை, 5, 7 ரெண்டு ரெண்டு தடவை, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொண்ணு, எல்லாத்தையும் பெருக்குங்க, விட்டுப்போன எண் வரும். அதை 23ஆல பெருக்குங்க, அவரு பட்டியலோட கடைசி எண்ணே வந்து நிக்கும்! விட்டுப்போன எண்ணுல 2, 3, 5ன்னு ஒவ்வொண்ணும் எத்தனை தடவை வருதோ அதோட 1 கூட்டி, எல்லாத்தையும் பெருக்கினா அதுக்குக் காரணி எத்தனைன்னு தெரிஞ்சிடும், 7×5×3×3×2×2×2×2, அதாவது 5040. அந்த 5040ம் அதே பட்டியல்ல இருக்கிற எண்தான். எனக்கு இது இப்பவும் புல்லரிக்குது, உங்களுக்கு என் மூஞ்சிதான் தெரியுது.

ஸ்கூல்ல எங்க கணக்கு வாத்தியார் ராமானுஜன் பேரைச் சொன்னாலே கண் கலங்குவாரு. 5040க்கு ஏன் சார் இத்தனை காரணின்னு ஒருநாள் கேட்டேன். "அதெல்லாம் மகான்களுக்குத்தான் தெரியும், நீ உக்காரு"ன்னாரு. கிளாஸே சிரிச்சுது. நேத்து கமென்ட்ஸ் படிக்கும்போது அதே சிரிப்புதான் கேட்டுச்சு.

"இதத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது"ன்னு கேட்டவருக்கு, ஒண்ணும் ஆகாது சார், நீங்க போய் தூங்குங்க. "நேத்து பதிவோட தலைப்பை ஏன் அப்படி உசுப்பேத்துற மாதிரி வெச்சே"ன்னு கேட்டவங்களுக்கு, தலைப்பெல்லாம் ஒரு விஷயமா, விடுங்க.

இதுல பெரிய காமெடி, என்னை முதல்ல திட்டினவரு போன வாரம் ஷேர் பண்ணின ஃபார்வர்ட். 1லேர்ந்து 10 வரைக்கும் எல்லாத்தாலயும் மீதியில்லாம வகுபடுற ஒரே எண் 2520ஆம், 7 நாள், 30 நாள், 12 மாசம் பெருக்கினா வருமாம், கண்டுபிடிச்சது ராமானுஜனாம். ஒரே எண்ணா? அப்ப 5040 என்ன பாவம் பண்ணுச்சு, 7560 என்ன பாவம் பண்ணுச்சு? அப்படி வகுபடுறதுலயே சின்ன எண் 2520, அந்தப் பெருமை பத்தாதா? ராமானுஜன் பேருல பொய்யை அனுப்பினா பக்தி, அவரு கட்டுரையில இருக்கிறதைப் பேசினா துரோகம். அவரை எனக்கு உங்க எல்லாரையும் விட அதிகமாவே பிடிக்கும், அதை உங்ககிட்ட நிரூபிக்கணும்னு என்ன தலையெழுத்து?

பதிவை எடுக்கச் சொல்லி இன்பாக்ஸ்ல வர்றவங்களுக்கு, எடுக்க மாட்டேன். தலைப்பையும் மாத்த மாட்டேன்.