பாட்டைக் கேட்டீர்களா, இல்லையா?

அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாயிற்று. திருவிழா மேடையில், தானே பாட்டெழுதிப் பாடும் ஒரு இலங்கை மலையகத் தம்பி இரண்டாவது பாட்டைத் தொடங்குகிறான். கோவில் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து மைக்கைப் பிடுங்குகிறார். "அம்மன் சந்நிதியில் புத்தன் பாட்டா?" என்கிறார். கூட்டத்தில் பாதி கைதட்டுகிறது. எந்தத் தோட்டம், எந்தக் கமிட்டி என்று நான் எழுதப் போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து என் முகநூலில் வேறு பேச்சே இல்லை. "சரியான பாடம்", "துரோகிக்கு இது போதாது", "இன்னும் நாலு போட்டிருக்க வேண்டும்". இப்படி எழுதியவர்களில் இருவர் ஆசிரியர்கள். பிள்ளைகள் பாவம்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்தப் பாட்டைக் கேட்டீர்களா?

நீங்கள் பகிர்ந்துகொண்டிருப்பது பாட்டு அல்ல, பாட்டு நிறுத்தப்பட்ட காட்சி. பாட்டு அவனுடைய பக்கத்தில் முழுதாக இருக்கிறது. ஆறு நிமிடத்துக்குச் சற்று அதிகம். அதற்கு நேரம் இல்லாத உங்களுக்கு, அதைவிட நீளமான பின்னூட்டங்களைத் தட்டச்சுச் செய்ய மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது கிசா கௌதமியின் கதை. குழந்தையைப் பறிகொடுத்தவள், இறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு அலைகிறாள். சாவு விழாத வீட்டில் கொஞ்சம் கடுகு வாங்கி வா என்று புத்தர் அனுப்புகிறார். பௌத்த இலக்கியத்தில் பழைய கதை. தம்பி செய்தது என்ன தெரியுமா? அவளைச் சிராவஸ்தியிலிருந்து எடுத்து வந்து நம் தோட்டத்து லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், வாசலில் நிறுத்திவிட்டான். மண் மூடிய லயத்தைத் தாண்டி அடுத்த லயத்துக்குப் போகிறாள். காம்பரா காம்பராவாக, ஒவ்வொரு குடும்பத்தின் அறையாக, கதவைத் தட்டுகிறாள். கடுகு எல்லோரிடமும் இருக்கிறது, அள்ளிக் கொடுக்கவும் கை நீள்கிறது. கொடுக்கப் போகிற நேரத்தில் ஒவ்வொருத்திக்கும் யாரோ ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஊர்ப் பெயர் ஒன்றுகூடப் பாட்டில் இல்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களைக் கொண்டுபோனதே, அதை அறிந்த யாருக்கும் ஊர்ப் பெயர் தேவையும் இல்லை.

மெட்டு? ஒப்பாரி. தாளம்? தப்புப் பறை. நம் பாட்டிமார் மாரடித்து இழுத்த அதே இழுவை. கடைசியில் பாளி மொழியில் "புத்தம் சரணம்" என்ற சரணம் வருகிறது, அதையும் அந்த இழுவையிலேயே இழுக்கிறான். விகாரையில் அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நம் கோவிலிலும் கேட்டதில்லை. இரண்டு பக்கத்தாருக்கும் அவனைப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் இதுதானோ என்னவோ.

ஆமாம், தம்பி பௌத்தன். அவன் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை. போயா எனும் பௌர்ணமி நாளில் சில் எடுக்கிறான், அதாவது பௌத்த ஒழுக்க விரதம் இருக்கிறான். விடியற்காலையில் தியானத்தில் உட்காருகிறான். நிலையாமை, ஆசை, பிறர் துயரம் இவற்றைப் பற்றித்தான் பாட்டெழுதுகிறான், தானே மெட்டமைக்கிறான், தானே பாடுகிறான். அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை. "நல்ல குரல், வேறு பாட்டுப் பாடலாமே" என்று அன்பாக ஆலோசனை சொல்லும் அண்ணன்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். குரலை மட்டும் கழற்றித் தரும் வசதி அவனிடம் இல்லை.

"காசு வாங்கிக்கொண்டு மாறிவிட்டான்" என்கிறார்கள். நல்லது. அந்தக் காசைக் காட்டுங்கள். அவன் பாட்டுப் பதிவு செய்வது கடன் வாங்கிய தொலைபேசியில். பின்னணியில் சேவல் கூவுகிறது, பக்கத்துக் காம்பராவில் தொலைக்காட்சி ஓடுகிறது. காசு வாங்கியவன் முதலில் அந்தச் சேவலுக்கு ஒரு வழி பார்த்திருப்பான்.

"கோவில் மேடைக்கு ஒரு மரபு உண்டு" என்பது அடுத்த வாதம். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தங்கள் மேடையில் யார் பாடலாம் என்று சொல்லும் உரிமை கமிட்டிக்கு உண்டு. முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், அழைக்காமலே இருந்திருக்கலாம். ஆனால் அதே மேடையில், அதே இரவில், அவனுக்கு முன்னால் என்ன ஆட்டம் ஆடினார்கள், எந்தச் சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள் என்று நானும் பார்த்தேன். அம்மன் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பிள்ளையை இழந்த தாயின் பாட்டுக்குத்தான் அவளுக்குக் கோபம் வந்ததாம். மாரியம்மனை இவ்வளவு குறைவாக மதிப்பிடுகிறவர்கள் எப்படிக் கமிட்டிக்கு வந்தார்கள்?

மொஹிதீன் பெய்க்கை உங்களுக்குத் தெரியும். சேலத்தில் பிறந்த முஸ்லிம். இந்த நாட்டுக்கு வந்து சிங்களத்தில் பௌத்த பக்திப் பாடல்கள் பாடினார். 1991-இல் இறந்துவிட்டார், இன்றும் புத்தர் பிறந்த நாளான வெசாக் காலத்தில் அவர் குரல் கேட்காத நகரம் இல்லை. "நம்ம சேலத்துக்காரர்" என்று பெருமை பேசுகிறோம். யாரும் அவரைத் துரோகி என்று சொல்லவில்லை. 2016 நவம்பரில் சிங்களப் பாடகர் அமரதேவவும் கனடாப் பாடகர் லெனார்ட் கோஹனும் நான்கு நாள் இடைவெளியில் மறைந்தபோது நம் இலக்கிய நண்பர்கள் இருவருக்கும் கண்ணீர்ப் பதிவு எழுதினார்கள். அமரதேவ ஆல்பர்ட் பெரேராவாகப் பிறந்தவர். கோஹன் யூதர். கலிபோர்னியாவில் மலைமேல் இருந்த ஜென் மடத்தில் ஆண்டுக்கணக்காக இருந்து 1996-இல் துறவியாகத் தீட்சை பெற்றார், கடைசிவரை தன்னை யூதர் என்றே சொன்னார். அவருடைய படத்தை முகப்பில் வைத்திருந்த ஒருவர்தான் தம்பியை "அடையாளம் தொலைத்தவன்" என்று எழுதியிருக்கிறார். கனடாக்காரன் மலையேறித் தியானம் செய்தால் தேடல். மலையிலேயே பிறந்தவன் செய்தால் துரோகம்.

அடுத்து வருகிறது பெரிய வாதம். "பௌத்தம் நமக்கு என்ன செய்தது என்று தெரியாதா?"

தெரியும் ஐயா. எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்ததும், 1972 அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் எழுதியதும், 1978-இல் அதையே தொடர்ந்ததும் எனக்குத் தெரியும். பிந்துனுவெவ பண்டாரவளைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2000 ஒக்டோபர் 25 காலையில் அந்தப் புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து 25-க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் ஒருவருக்கும் தண்டனை நிலைக்கவில்லை. அந்தப் பாதையில் பஸ்ஸில் போகும்போது என் அம்மா பேச்சை நிறுத்திவிடுவார். இதையெல்லாம் செய்தவர்களைக் கேளுங்கள், அரசைக் கேளுங்கள். நானும் உங்களோடு வந்து கேட்கிறேன். அந்தக் கணக்கை ஏன் ஒரு லயத்துப் பையனின் தலையில் எழுதுகிறீர்கள்? "பாருங்கள், தமிழர்களும் பணிந்துவிட்டார்கள்" என்று ஒரு சிங்களப் பக்கம் அவன் பாட்டைப் பகிர்ந்தபோது, என்னை வைத்து அரசியல் செய்யாதீர்கள் என்று அவனே போய்ச் சிங்களத்தில் எழுதினான். அதை ஒருவரும் பகிரவில்லை.

இதே அம்மா பருவம் தவறாமல் சிவனொளிபாதமலை ஏறுவார். மலையடிவார ஊரான நல்லதண்ணியில் இறங்கி, இரவோடு இரவாகப் படி ஏற்றம். மூச்சு முட்டும் இடத்தில் சிங்கள ஆச்சிமார் கூட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள். அம்மாவும் அவர்களோடு உட்காருவார். அவர்கள் ஒரு வரி பாட, இவர் "அரோகரா" போடுவார். உச்சியில் இருப்பது சிவன் பாதமா, புத்தர் பாதமா என்று அங்கே யாரும் விசாரணை நடத்தியதில்லை. குளிருக்கு அதற்கெல்லாம் தெம்பு இருக்காது. (உடனே "இதெல்லாம் நல்லிணக்கக் கதை" என்று எழுதாதீர்கள். பிந்துனுவெவவையும் நான்தான் எழுதினேன்.)

பௌத்தம் தமிழனுக்கு அந்நியம் என்பவர்களுக்கு வரலாறு சொல்லிக் களைத்துவிட்டேன். மணிமேகலை யாருடைய காப்பியம்? வீரசோழியம் எழுதிய புத்தமித்திரர் யார்? நாகப்பட்டினத்து விகாரைக்கு ராசராசன் ஊர் கொடுக்கவில்லையா? அதுவெல்லாம் கடலுக்கு அப்பால் என்றால் கண்டிக்கு வாருங்கள். 1753-இல் சயாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதாவை, அதாவது பிக்குகளின் முழுத் துறவறத் தீட்சையை, மீட்டவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி. புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையைச் சுற்றியிருக்கும் தேவாலயங்களில் ஒன்று பத்தினியுடையது, அதாவது நம் கண்ணகியுடையது. இதையெல்லாம் மேடையில் நீங்களே பெருமையாகப் பேசுவீர்கள். உயிரோடு ஒரு தமிழ் பௌத்தன் எதிரே வந்து நின்றால் மட்டும் மைக்கைப் பிடுங்குவீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொன்னால் எனக்குத்தான் கெட்ட பெயர். அந்தப் பின்னூட்டங்களைக் கீழே வரை படித்தவர்களுக்குத் தெரியும். பத்துப் பதினைந்து பின்னூட்டம் தாண்டியதும் புத்தர் காணாமல் போய்விடுகிறார். "இவன் தாத்தா இதே கோவிலுக்கு வெளியே நின்று தப்படித்தவன்" என்று ஒருவர். "ஆளைப் பார்த்தாலே தெரிகிறது" என்று இன்னொருவர். பிறகு சிரிப்புப் படங்கள். ஆக, கோபம் புத்தர்மேல் இல்லை. வெளியே நின்று தப்படித்தவரின் பேரன் உள்ளே மேடையேறி, அதே தப்பை அடித்துக்கொண்டு, "எல்லா வீட்டிலும் சாவு ஒன்றுதான்" என்று பாடிவிட்டான்.

சாதியை எதிர்த்த தமிழ்ச் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1898-இல் இந்தத் தீவுக்கு வந்து பௌத்தத்தின் பஞ்சசீலம் எடுத்துக்கொண்டு திரும்பினார். 1950 மே மாதம் கண்டியில் உலக பௌத்தர் மாநாடு கூடியபோது அம்பேத்கர் வந்திருந்தார், 1956 ஒக்டோபரில் நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். அவர்கள் ஏன் போனார்கள் என்பது உங்களுக்குப் புரியவில்லை என்றால் உங்கள் பின்னூட்டங்களை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். தம்பி இந்தக் காரணத்துக்காகத்தான் பௌத்தன் ஆனான் என்று நான் சொல்லவில்லை. அவனிடம் நான் கேட்டதும் இல்லை. ஆனால் அப்படி ஆகியிருந்தால் அவனைக் குறை சொல்லும் யோக்கியதை அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் இல்லை.

வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் "மலையகத்தின் தமிழ் அடையாளம் பறிபோகிறது" என்று பொங்கும் பெரியவர்களுக்கும் ஒரு சொல். என் சித்தப்பா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போனது. தமிழர் நடுவே நிம்மதி என்று நம்பிப் போனார்கள். அங்கே கடையிலும் பள்ளிக்கூடத்திலும் அவர்களுக்குக் கிடைத்த பெயர் "தோட்டக்காட்டான்". சித்தி சாகும் வரை அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். அப்போது எங்கள் தமிழ் அடையாளம் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆக வேண்டும் என்று எங்கள் பெண்கள் ஆண்டுக்கணக்காக வீதியில் உட்கார்ந்து, 2021-இல்தான் அது வர்த்தமானிக்கு, அதாவது அரசிதழுக்கு, வந்தது. அப்போதும் நீங்கள் இவ்வளவு நீளமாக எழுதவில்லை. இன்றைக்கு ஒரு பையன் ஒப்பாரி மெட்டில் சரணம் பாடியதும் எங்கள் தமிழைக் காப்பாற்ற ஓடி வருகிறீர்கள். வாழ்க.

இதற்குப் பிறகு நட்பு நீக்குகிறவர்கள் நீக்கிக்கொள்ளலாம். தொலைபேசியில் அழைத்து "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்ட மாமாவுக்கும் இங்கேயே பதில்: அவனுக்காகப் பேச அன்றைக்கு மேடையில் ஒருவரும் இல்லை, மாமா. நீங்கள் முன்வரிசையில்தான் இருந்தீர்கள்.

கீழே திட்ட விரும்புகிறவர்கள் தாராளமாகத் திட்டுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. அந்தத் தாய்க்குக் கடைசியில் கடுகு கொடுத்தது எந்தக் காம்பரா என்பதை முதல் வரியில் எழுதிவிட்டுத் திட்டுங்கள். எத்தனை பேர் காம்பரா எண்ணோடு வருகிறீர்கள் என்று பார்க்கிறேன்.