இலையில் மட்டுமா முடி?
காரெக்ஸ் ஹிர்டிஃபோலியா என்ற கோரைச் செடி பற்றி உங்கள் பதிவில் எழுதியது நல்ல விஷயம். ஆனால் 'கோரை என்றாலே சதுப்பு நிலம்' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிட்டீர்கள். இந்தக் கோரை வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில், இலையுதிர் காட்டு மர நிழலில் வளர்வது.

தண்டை விரலில் உருட்டினால் கோரைக்கே உரிய மூன்று பட்டை தெரியும், ஆனால் மெத்தென்று இருக்கும். இலை, இலையுறை (தண்டைச் சுற்றியிருக்கும் இலையின் அடிப்பாகம்), தண்டு எல்லாவற்றிலும் பொடிமுடி. அதைவிட விசேஷம், காயைப் பொதிந்திருக்கும் சின்னப் பைக்கும் முடி உண்டு. அந்தப் பையின் நுனியில் குட்டி அலகு மாதிரி ஒரு முனை வேறு. லென்ஸ் இல்லாமல் பார்ப்பது கஷ்டம். நுனிப் பூக்கதிர் ஆண், கீழே உள்ளவை பெண், பெண் பூவில் மகரந்தம் ஏற்கும் சூல்முடி மூன்று.

அப்புறம், நீங்கள் போட்டிருக்கும் படத்தில் இலை வழவழவென்று இருக்கிறது. அது காரெக்ஸ் பேரினத்தில் வேறு ஏதோ செடி. மாற்றிவிடுங்கள்.