ஏரி நீர் அமைதியாக இருப்பது மட்டும் போதாது

"காற்று குறைவான ஏரிதான் கைட் சர்ஃபிங் பழக மிகப் பாதுகாப்பானது" என்று சிலர் சொல்வதில் பாதிதான் சரி. கைட் என்ற பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று நீரில் சறுக்கும் விளையாட்டு இது. நீர் தட்டையாக இருப்பது நல்லது. காற்று குறைவது நல்லதல்ல. மணிக்கு 18 கி.மீ.க்குக் கீழே போனால் கயிறுகள் தொய்ந்து கைட் நீரில் விழக்கூடும். அதே மெல்லிய காற்றில் மறுபடி எழுப்புவது புதியவருக்கு மிகக் கடினம். சீரான 22–30 கி.மீ. காற்றே பழக ஏற்றது.

ஏரியில் உண்மையான ஆபத்து, விட்டுவிட்டு அடிக்கும் காற்று. 10 மீட்டர் மரவரிசையைத் தாண்டி வரும் காற்று 100 மீட்டர் தூரம்வரைகூடக் கலங்கியே இருக்கும். அங்கே கைட் ஒரு நொடி சோர்ந்து, அடுத்த நொடி வெடுக்கென்று இழுக்கும். ஆகவே திறந்த நீர்ப்பரப்பின் மேல் நெடுந்தூரம் கடந்து, கரைக்குப் பக்கவாட்டில் வரும் காற்றைத் தேர்ந்தெடுங்கள். கயிறே 20–24 மீட்டர் நீளம் என்பதால், காற்று போகும் திசையில் மரமோ மின்கம்பியோ இல்லாத வெளி 100 மீட்டராவது வேண்டும். "ஏரிதானே, எங்கே போய்விடப் போகிறது" என்பதும் தவறு. எதிர்க்கரை மரங்கள்தான் முதலில் வரும்.

கட்டுப்பாடு தப்பினால் முதலில் பாரை (கைட்டை இயக்கக் கையில் பிடிக்கும் தண்டை) விடுங்கள். அப்போதும் இழுத்தால் குவிக் ரிலீஸ், அதாவது கைட்டின் இழுவையை உடனே விடுவிக்கும் பாதுகாப்புப் பிடியை இயக்குங்கள். இதைக் கரையிலேயே, கண்ணால் பார்க்காமல் கை தானாகப் போகும்வரை பழகுங்கள்.